மூட்டுவலியும் மூட்டுக்களின் பாதுகாப்பும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது ஆன்றோர் வாக்கு. வீடு, வயல், வாகனம் என எத்தனை செல்வம் இருந்தாலும், காலையில் கட்டிலை விட்டு இறங்கி நாலடி நடக்க முடியாதவருக்கு அவற்றால் கிடைக்கும் சுகம் சிறிதே. கல்முனை தொடக்கம் பொத்துவில் வரை நீளும் இக்கரையோரத்தில் உடலுழைப்பே பெரும்பாலானோரின் மூலதனம். வயலிலே குனிந்து களை பிடுங்குபவர், கடற்கரையிலே கரைவலை இழுப்பவர், மருதமுனையிலே கைத்தறியில் அமர்ந்து நெசவு செய்பவர், வீட்டிலே நிலத்தில் குந்தியிருந்து சமையல் வேலை பார்ப்பவர் என அனைவரும் தம் மூட்டுக்களை நம்பியே வாழ்கின்றனர். அந்த மூட்டு வலிக்கத் தொடங்கினால் தொழில் நிற்கிறது, வருமானம் குறைகிறது, பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை வருகிறது.

ஆயினும் மூட்டுவலி வந்தவுடன் பலர் செய்வது யாது? மருந்துக் கடைக்குச் சென்று "கால் வலிக்கு ஏதாவது தாருங்கள்" என்று கேட்டு வாங்கிய குளிசையை விழுங்குவதே. வலி எதனால் வந்தது என்ற கேள்வி கேட்கப்படுவதில்லை. அக்கேள்வியே மூட்டுப் பாதுகாப்பின் முதற்படி ஆகும்.

மூட்டு என்பது யாது?

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட என்புகள் சந்திக்கும் இடமே மூட்டு. என்புகள் ஒன்றோடொன்று உராயாதவாறு அவற்றின் முனைகளை வழுவழுப்பான கசியிழையம் மூடியிருக்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள மென்சவ்வு சுரக்கும் வழுக்கும் தன்மையுள்ள திரவம், வண்டிச் சில்லுக்கு இடும் எண்ணெய் போல உராய்வைக் குறைக்கிறது. சுற்றியுள்ள தசைகள் மூட்டுக்குப் பலம் தருகின்றன.

கசியிழையத்துக்குக் குருதிக் குழாய்கள் இல்லை என்பது இங்கு கவனிக்க வேண்டிய உண்மை. மூட்டுத் திரவத்திலிருந்தே அது தனக்கு வேண்டிய போசணையைப் பெறுகிறது. பஞ்சை அழுத்தி விடும்போது அது நீரை உறிஞ்சுவது போல, மூட்டு அசைந்து அழுந்தி விடுபடும்போதே கசியிழையம் போசணையை உள்ளெடுக்கிறது. எனவே, அளவான அசைவு மூட்டுக்கு உணவாகும். "முழங்கால் வலிக்கிறது, இனி நடக்கவே கூடாது" என்று மாதக்கணக்கில் படுத்திருப்பவரின் மூட்டு போசணையை இழக்கிறது, தசை மெலிகிறது, எழுந்து நடக்கும்போது வலி முன்னையிலும் கூடுகிறது.

எல்லா மூட்டுவலியும் ஒன்றல்ல

மூட்டைப் பாதிக்கும் நோய்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் பொதுவாகக் காணப்படுபவை மூன்று.

முதலாவது, மூட்டுத் தேய்மானம். ஒஸ்டியோ ஆத்திரைட்டிஸ் என வைத்தியர் கூறுவது இதுவே. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2019ஆம் ஆண்டில் உலகில் 52 கோடியே 80 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் பெண்கள். அதிகம் பாதிக்கப்படும் மூட்டு முழங்கால். நடக்கும்போதும் படியேறும்போதும் வலி கூடும், ஓய்வெடுத்தால் குறையும். காலையில் உள்ள விறைப்பு பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் நீங்கிவிடும். வயது, அதிக உடல் நிறை, பழைய காயங்கள், நீண்டகாலம் குந்தியிருந்து செய்யும் வேலை, பரம்பரை ஆகியன இதற்குக் காரணங்களாகும்.

இரண்டாவது, ரூமற்றொயிட் ஆத்திரைட்டிஸ் எனப்படும் மூட்டழற்சி. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்குவதால் வருவது இது. இரு கைகளிலும் விரல்மூட்டுக்களும் மணிக்கட்டும் வீங்கி வலிக்கும். காலை எழுந்தபின் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் விறைப்பு நீடிக்கலாம். களைப்பும் சேர்ந்து வரும். இது முதியோருக்கு மட்டும் வரும் நோயன்று. இளம் தாய்மாரையும் பிடிக்கும். ஆரம்ப மாதங்களிலேயே உரிய மருந்தைத் தொடங்கினால் மூட்டு சிதைவதைத் தடுக்கலாம். காலம் தாழ்த்தினால் விரல்கள் கோணிவிடும். கோணிய விரலை மருந்தினால் நிமிர்த்த முடியாது.

மூன்றாவது, கவுட். குருதியில் யூரிக் அமிலம் கூடி, ஊசிபோன்ற பளிங்குகளாக மூட்டில் படிவதால் வருகிறது. பெரும்பாலும் காலின் பெருவிரல் மூட்டில், இரவில் திடீரெனத் தொடங்கும். மூட்டுச் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் பொறுக்க முடியாத வலி ஏற்படும். மதுபானம், ஈரல், ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, நெத்தலி, சூடை போன்ற மீன்கள், சீனி கலந்த குளிர்பானங்கள் ஆகியவற்றை மிகையாக உட்கொள்வது இதைத் தூண்டும்.

இம்மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. தேய்மானத்துக்குப் பயிற்சியும் நிறைக்குறைப்பும் முதன்மையானவை. மூட்டழற்சிக்கு நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து அவசியம். கவுட்டுக்கு யூரிக் அமிலத்தைக் குறைக்க வேண்டும். வலிநிவாரணி மூன்றிலும் வலியைச் சிறிது நேரம் மறைக்கும். ஆனால் நோயை மாற்றாது. வலி மறைந்திருக்கும் காலத்தில் நோய் தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும்.

2006ஆம் ஆண்டு தந்த பாடம்

மூட்டுவலி என்றதும் இப்பிரதேச மக்கள் பலருக்கு நினைவுக்கு வருவது சிக்குன்குன்யா காய்ச்சல். இந்நோய் 1952ஆம் ஆண்டில், இன்று தன்சானியா எனப்படும் நாட்டின் தென்பகுதியில் முதன்முதலாக இனங்காணப்பட்டது. சிக்குன்குன்யா என்பது அங்குள்ள மக்கொண்டே மொழிச் சொல். வலியினால் வளைந்து முடங்கிப் போதல் என்பது அதன் கருத்து. 2004இல் கென்யாவின் கரையோரத்தில் மீண்டும் பரவிய இந்நோய், அடுத்து இந்து சமுத்திரத் தீவுகளைத் தாக்கியது. ரீயூனியன் தீவின் மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் நோயுற்றனர். 2006இல் இந்தியாவில் பரவி, அவ்வாண்டின் இறுதியில் இலங்கையையும் வந்தடைந்தது. ஏறத்தாழ 40 ஆண்டுகளின் பின் இந்நாட்டில் பரவிய அந்நோயால் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, புத்தளம், கொழும்பு ஆகிய இடங்களோடு கல்முனைப் பிரதேசமும் பாதிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோளின் அழிவிலிருந்து இக்கரையோரம் முழுமையாக மீண்டெழாத காலம் அது.

காய்ச்சல் சில நாட்களில் விட்டாலும், கணுக்கால், மணிக்கட்டு, விரல்மூட்டுக்களின் வலி அவ்வளவு எளிதில் விடுவதில்லை. பெரும்பாலானோர் சில வாரங்களில் குணமடைவர். வயதானோருக்கும் முன்னரே மூட்டு நோயுள்ளோருக்கும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் வலி நீடிக்கலாம். ஏறத்தாழ 16 ஆண்டுகள் அடங்கியிருந்த இந்நோய் 2024இன் பிற்பகுதியிலும் 2025இலும் இலங்கையில் மீண்டும் பரவியது. எனவே இது பழைய கதையன்று.

இதில் கற்க வேண்டிய முக்கிய பாடம் ஒன்றுண்டு. சிக்குன்குன்யாவைப் பரப்பும் அதே ஈடிஸ் நுளம்புதான் டெங்குவையும் பரப்புகிறது. இரண்டும் காய்ச்சலும் உடல்வலியுமாகவே தொடங்கும். "மூட்டுவலிதானே" என்று டிக்ளோபெனாக், ஐபுபுரொபென், அஸ்பிரின் போன்றவற்றை உட்கொண்டால், வந்திருப்பது டெங்குவாயின் குருதிப்பெருக்கு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். டெங்கு இல்லையென வைத்தியர் உறுதிப்படுத்தும் வரை பரசிற்றமோல் மட்டுமே பாவிக்கத்தக்கது. வளர்ந்த ஒருவர் 500 மில்லிகிராம் குளிசை இரண்டை ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எடுக்கலாம். 24 மணித்தியாலத்தில் எட்டுக் குளிசைகளைத் தாண்டக் கூடாது. உடல் நிறை குறைந்தோருக்கும் ஈரல் நோயுள்ளோருக்கும் இதனினும் குறைந்த அளவே பொருந்தும். காய்ச்சலின் மூன்றாம் நாளுக்கு முன்னதாகவோ அன்றோ குருதிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இருதய நோய்க்காக வைத்தியர் தந்த அஸ்பிரினை நாளாந்தம் எடுப்பவர், தாமாக நிறுத்தாமல் உடனே வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

ஐப்பசி முதல் தை வரையான மாரிகாலத்தில் வளவிலுள்ள சிரட்டை, பழைய டயர், பூச்சாடித் தட்டு, கூரைப்பீலி ஆகியவற்றில் நீர் தேங்கவிடாமல் வாரம் ஒரு முறை துப்புரவு செய்வதும் மூட்டுப் பாதுகாப்பே ஆகும்.

வலிநிவாரணியின் மறுபக்கம்

டிக்ளோபெனாக் போன்ற குளிசைகள் வைத்தியர் குறித்த அளவிலும் காலத்திலும் பயனுள்ளவை. தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும்போது இரைப்பையில் புண், குருதிக் கசிவு, உயர் குருதியமுக்கம், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றுக்கு அவை வழிசெய்யும். நீரிழிவு, குருதியமுக்கம், சிறுநீரக நோய், இருதய நோய் உள்ளோருக்கு ஆபத்து மேலும் அதிகம். முழங்கால் வலிக்காக உட்கொண்ட குளிசை சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டால், முழங்காலும் குணமாகாது. வாழ்நாள் முழுவதும் குருதி சுத்திகரிப்பை நாடும் நிலையும் வரலாம். முழங்கால், விரல் தேய்மானத்துக்கு மேற்பூச்சாகப் பூசும் வலிநிவாரணிக் களிம்பு, விழுங்கும் குளிசையைவிடத் தீங்கு குறைந்தது.

"இரண்டே நாளில் வலி பறக்கும்" என்று விற்கப்படும் பெயரற்ற தூள்கள், உருண்டைகள் குறித்து விசேட எச்சரிக்கை தேவை. அத்தகைய சிலவற்றில் ஸ்டீரொய்ட் மருந்து இரகசியமாகக் கலக்கப்படுவது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. முதலில் அற்புதம் போலத் தோன்றும். பின்னர் முகம் ஊதும், சீனி கூடும், என்பு பலமிழக்கும். நீண்டகாலம் பாவித்தபின் திடீரென நிறுத்துவதும் உயிராபத்தானது. எனவே அத்தகைய மருந்தை எடுத்தவர் அதனை மறைக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியரிடம் சிகிச்சை பெறுவோரும், இரு தரப்பு வைத்தியருக்கும் தாம் எடுக்கும் மருந்துகளைக் கூறுவது அவசியம்.

மூட்டழற்சிக்கு வழங்கப்படும் மெத்தோட்ரெக்சேற் என்னும் மருந்து வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே எடுக்கப்படுவது. தவறி ஒவ்வொரு நாளும் எடுத்தால் மரணமும் நேரலாம். வீட்டிலுள்ள முதியோருக்கு அம்மருந்து தரப்பட்டிருந்தால், எடுக்க வேண்டிய நாளைக் கலண்டரில் குறித்துவைத்து பிள்ளைகள் கவனிப்பது நன்று.

குளுக்கோசமைன் மாத்திரைகளுக்குப் பலர் பெரும் பணம் செலவிடுகின்றனர். முழங்கால் தேய்மானத்துக்கு அதனைப் பாவிக்க வேண்டாம் என அமெரிக்க மூட்டுநோய் வைத்தியர் கல்லூரி 2019ஆம் ஆண்டு வழிகாட்டலில் பரிந்துரைத்துள்ளது. அப்பணத்தில் நல்ல பாதணி ஒன்று வாங்குவது கூடிய பயன் தரும்.

நிறையைக் குறைத்தல்

முழங்காலில் தேய்மானமுள்ள, நிறை கூடியோரிடம் செய்யப்பட்ட ஆய்வொன்று, உடல் நிறையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமையில் நான்கு கிலோ குறைவதைக் காட்டியது. ஐந்து கிலோ குறைத்தவரின் முழங்கால், அடிக்கு இருபது கிலோ சுமையை இறக்கிவைக்கிறது. ஒரு நாளில் வைக்கும் ஆயிரக்கணக்கான அடிகளைக் கணக்கிட்டால் இதன் பயன் விளங்கும்.

இதற்குப் பட்டினி தேவையில்லை. சோற்றின் அளவைக் குறைத்து மரக்கறி, கீரை, பருப்பு, மீன் ஆகியவற்றைக் கூட்டலாம். தேநீருக்குச் சீனியைக் குறைக்கலாம். பொரித்த பண்டங்களையும் மென்பானங்களையும் விசேட தினங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிகள்

முழங்காலைத் தாங்குவது தொடையின் முன்தசை. அதனைப் பலப்படுத்தும் மூன்று பயிற்சிகள் இவை.

1. கதிரையில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை மெதுவாக நேராக நீட்டி, ஐந்து வரை எண்ணி, மெதுவாக இறக்குக. ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை.

2. மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடித்து, மற்றைய காலை நேராக ஒரு சாண் உயரத்துக்கு உயர்த்தி, ஐந்து வரை எண்ணி இறக்குக. ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை.

3. உறுதியான கதிரையிலிருந்து, இயன்றால் கையை ஊன்றாமல், எழுந்து நின்று மெதுவாக மீண்டும் அமர்க. ஐந்து தடவையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுக.

நாளாந்தம் காலையும் மாலையும் செய்தால் சில வாரங்களில் பயன் தெரியும். பயிற்சியின்போது சிறிது வலி இருப்பது இயல்பு. அடுத்த நாளும் வலி கூடியே இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். மூட்டுச் சிவந்து வீங்கியுள்ள நாளில் பலப்படுத்தும் பயிற்சியைத் தவிர்த்து மென்மையாக அசைத்தால் போதும். நடத்தலும் நல்ல பயிற்சியே. கிழமைக்கு 150 நிமிடங்கள், அதாவது நாளுக்கு அரை மணித்தியாலப்படி ஐந்து நாட்கள் நடப்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் குறைந்தபட்ச அளவு. மணலில் கால் புதையப் புதைய நடப்பதிலும் சமதரையில் நடப்பது வலியுள்ள முழங்காலுக்கு ஏற்றது. ஊன்றுகோல் பாவிப்போர், வலியுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையிலே அதனைப் பிடிக்க வேண்டும்.

வீட்டிலும் தொழிலிலும் வழிபாட்டிலும்

ஆழக் குந்தியிருக்கும்போது முழங்கால் மூட்டின் மீது அழுத்தம் மிகுகிறது. எனவே வலியுள்ளோர் தேங்காய் துருவுதல், மீன் வெட்டுதல் போன்ற வேலைகளை மேசை உயரத்தில் செய்வது நன்று. ஈர்க்குமாற்றினால் குனிந்து கூட்டுவதை விடுத்துத் தும்புத்தடியைப் பாவிக்கலாம். குந்தும் மலசலகூடத்துக்குப் பதிலாக இருக்கை வகையை, அது இயலாவிடின் சுவரில் உறுதியான கைபிடி ஒன்றை அமைக்கலாம். தண்ணீர்க் குடத்தை ஒரு பக்க இடுப்பில் சுமப்பதைவிட இரு சிறிய வாளிகளில் இரு கைகளுக்கும் பகிர்ந்து கொண்டுசெல்வது மேல். நெசவாளரும் தையல் தொழிலாளரும் அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை எழுந்து நாலடி நடந்து, கால்களை நீட்டி மடக்க வேண்டும்.

ஆலயத்தில் சம்மணமிட்டு நெடுநேரம் இருக்க இயலாத முதியோர் கதிரையில் அமர்ந்து வழிபடுவதில் குறையேதும் இல்லை. முழங்கால் மடியாதவர் அமர்ந்தவாறே தொழுவதற்கு இஸ்லாமும் இடமளிக்கிறது. கூச்சத்தினால் நிலத்தில் அமர்ந்து, எழ முடியாமல் தவித்து, பின்னர் ஆலயத்துக்கே வராமல் விடும் முதியோர் உண்டு. மண்டபத்தின் ஓரத்தில் சில கதிரைகளும், படிகளின் அருகே ஒரு கைபிடியும் இருந்தால் அவர்கள் மீண்டும் வருவர். பெரிய செலவில்லாத இத்தொண்டினை இளைஞர் செய்யலாம்.

ஆண்டுதோறும் ஆடி உற்சவத்தையொட்டி, தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் கதிர்காமப் பாத யாத்திரை, மட்டக்களப்பு, காரைதீவு, திருக்கோவில், பொத்துவில் ஊடாக உகந்தையை அடைந்து, குமண, யால வனங்களின் வழியே செல்கிறது. வழியிலே இணையும் இப்பிரதேச அடியார்கள் பலர். அவர்கள் ஆறு கிழமைகளுக்கு முன்பிருந்தே நடந்து பழக வேண்டும். முதற்கிழமை நாளுக்கு அரை மணித்தியாலம் என்று தொடங்கி, கிழமைதோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, பின்னர் சுமையுடனும் நடந்து பார்க்க வேண்டும். புதிய பாதணியை யாத்திரையன்று முதன்முதலாக அணியக் கூடாது. நீரிழிவுள்ளோர் ஒவ்வொரு மாலையும் பாதங்களைப் பார்த்துக் காயம் உண்டா எனக் கவனிக்க வேண்டும். வலியை மறைக்கும் குளிசையைப் போட்டுக்கொண்டு, வெயிலில் போதிய நீரருந்தாமல் நடப்பது சிறுநீரகத்துக்கு இருமடங்கு ஆபத்து. வீங்கிய முழங்காலுடன் காட்டுக்குள் இறங்குவதைவிட உகந்தையுடன் நின்று, அடுத்த ஆண்டுக்கு ஆயத்தமாவதே அறிவுடைமை.

சூடும் எண்ணெயும்

இளஞ்சூடான ஒத்தடமும் எண்ணெய் பூசுதலும் விறைத்த மூட்டுக்கு இதம் தரும். ஆயினும் சிவந்து சூடாகி வீங்கிய மூட்டை அழுத்தித் தேய்க்கக் கூடாது. நீரிழிவினால் கால் உணர்விழந்தோர் சூட்டின் அளவை அறியாமல் தீக்காயம் அடைவதுண்டு. அவர்களுக்கு வேறொருவர் கையால் சூட்டைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். விழுந்து அடிபட்ட மூட்டை இழுத்துக் கட்டுவதற்கு முன் எக்ஸ்ரே எடுத்து முறிவு உண்டா எனப் பார்ப்பது அவசியம்.

தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

ஒரே மூட்டுத் திடீரெனச் சூடாகிச் சிவந்து வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அது மூட்டினுள் கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றே சிகிச்சை தொடங்காவிடில் மூட்டு அழிந்துவிடும். விழுந்தபின் காலூன்ற முடியாமை, பிள்ளைகள் நொண்டி நடத்தல், மூட்டுவலியுடன் தோலில் தடிப்பு அல்லது காரணமற்ற மெலிவு, ஆறு கிழமைக்கு மேல் நீடிக்கும் விரல்மூட்டு வீக்கம் ஆகியவையும் வைத்தியர் பார்க்க வேண்டியவை. வலிக்குளிசை எடுப்பவருக்கு மலம் கறுத்துப் போனால் அது இரைப்பையில் குருதிக் கசிவின் அறிகுறி. உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஆகியன கல்முனையிலேயே உள்ள அரச வைத்தியசாலைகள். செல்லும்போது எடுத்துவரும் எல்லாக் குளிசை உறைகளையும், பழைய கிளினிக் கொப்பியையும் கொண்டுசெல்ல வேண்டும். "என் மூட்டுவலிக்குப் பெயர் என்ன?" என்று வைத்தியரிடம் கேட்டறிவது நோயாளியின் உரிமை. பெயர் தெரிந்தால்தான் எதை உண்பது, எதைத் தவிர்ப்பது, எவ்வளவு நடப்பது என்பன தெளிவாகும்.

தேய்ந்த மூட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்னும் இல்லை. எஞ்சியுள்ள மூட்டைக் காப்பதோ ஒவ்வொருவரின் கையிலும் உள்ளது. நோயின் பெயரை அறிந்து, நிறையைக் குறைத்து, தசையைப் பலப்படுத்தி, குளிசையில் நிதானம் காத்து நடப்போர், முதுமையிலும் பிறர் கையைப் பிடியாமல் தம் காலிலே நின்று வாழ்வர்.